அம்மா திறக்கச் சொன்ன பக்கம்

மற்ற இணையத் தளங்கள் எல்லாம் வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை.

பழுது பார்க்கிறவளுக்கு இது வசதியான நிலைமை. எதுவுமே வராவிட்டால் தொலைபேசிக் கம்பியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்று மட்டும் வரவில்லை என்றால் மோடம் சரி, லைன் சரி, இணையக் கணக்கும் சரி. தேட வேண்டிய இடம் சின்னது. பெங்களூரில் எனக்கு அதுதான் வேலை. நாள் முழுக்க யாருக்காவது ஏதாவது வராது. ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வேன்.

இந்த முறை கேட்டது என் அம்மா. கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாதம். அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளிடம் காமாலை என்று சொல்லியிருந்தோம்.

அம்மா பெயர் மாசாணியம்மாள். கிராம சுகாதாரச் செவிலியர். முந்தைய வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பரம்பரையாகக் கூலி வேலை செய்த குடும்பம். அதில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் அவள் ஒருத்திதான். மிஷன் விடுதியில் இடம் கிடைத்ததால் நடந்தது. பயிற்சி முடிந்து முதலில் போட்ட ஊர் உடுமலைப்பேட்டையைத் தாண்டி. ஒரு வீட்டில் பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள். மாமியார் வாசலை மறித்து நின்று, "ஏனுங்க, நீங்க எந்தூரு, ஆரூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"காரமடைங்க. உள்ள கொழந்தைக்குக் கால் மொதல்ல வருதுங்க. நீங்க விசாரிச்சு முடிக்கற வரைக்கும் அது இருக்குமான்னு கேட்டுட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்றாளாம் அம்மா.

உள்ளே விட்டார்கள். பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்த வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே வந்து போனதற்காக வீட்டைக் கழுவினார்கள். அடுத்த பிரசவத்துக்கும் அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா போனாள். இதை எங்களுக்குச் சொல்லும்போது அவள் குரல் உயராது. "ரெண்டாவது பொட்டப்புள்ள. அதும் நல்லா இருக்குது" என்று முடித்துவிடுவாள்.

அப்பா நஞ்சப்பன். நூற்பாலையில் இருந்தார், ஆலை மூடியதும் வீட்டோடு இருந்தார். ஒண்டிப்புதூரில் வீடு கட்டியது அம்மா. என் தம்பி அன்புமணி காந்திபுரத்தில் சின்னக் கடை வைத்து, உதிரிபாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டி விற்கிறான். அம்மா ஓய்வு பெற்றதும் ஒன்றைப் பூட்டிக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தான். அவளுக்குப் பொழுது போகும் என்று நினைத்தான். அவள் ஒற்றை விரலால் தட்டப் பழகி, மின்னஞ்சல் அனுப்பக் கற்று, மருத்துவம் பற்றி ஆங்கிலத்தில் கண்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு யாராவது இருமிக்கொண்டு வந்தால் உட்கார வைத்து விசாரித்தாள்.

ஆனி மாதம் அவள் கண் மஞ்சளானது. வலி இல்லை. அரிப்பு மட்டும். நகம் பட்டால் புண்ணாகும் என்று சீப்பின் முதுகால் கையையும் காலையும் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அப்பா எங்கெங்கோ அலைந்து கீழாநெல்லி பறித்துவந்து மோரில் அரைத்துக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. அன்பு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனான். அன்றே கடையிலிருந்து எனக்கு போன் பண்ணி, அறிக்கையில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. ஈரலில் பல இடங்களில் பரவல்.

"அக்கா, அப்பாகிட்டக் கட்டி மட்டும் சொல்லியிருக்கேன். ஈரல் சமாச்சாரம் சொல்லலை. அம்மாகிட்ட எதுவுமே இல்லை. நீ வரும்போது மொகத்துல காட்டிப்போடாதே." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் இப்படித்தான். நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை. டாக்டர் கண்ணைக் காட்டுவார். நர்ஸ் வந்து, "ஊட்டுக்காரங்க ஒருத்தர் இப்படி வாங்க" என்பாள். வராந்தாவில் தாழ்ந்த குரலில் பேச்சு நடக்கும். உள்ளே போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். எத்தனையோ வருஷம் அப்படி வந்து கூப்பிட்ட நர்ஸ் என் அம்மாதான். அவளிடமே இது பலிக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். எப்படி நம்பினோம் என்று இப்போது எனக்கே விளங்கவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்யும் டாக்டர், "திறந்து பார்க்கலாம்" என்றிருந்தார். பார்க்கலாம் என்ற சொல்லை அப்பா, எடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டார். அன்புவும் மெல்ல மெல்ல அப்படியே எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமை சேர்ப்பது என்று முடிவானது. அம்மாவிடம், காமாலை இறங்க ஒரு சின்ன ஆபரேசன் என்றார்கள். ரத்தம் தேவைப்படும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அன்புவும் ரத்தம் கொடுக்க ஆள் கேட்டு, ஆலையில் அப்பாவோடு இருந்தவர்களைப் பார்க்க வண்டியில் போனார்கள். நான் காலையில்தான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

"ஏங்கண்ணு, ஒரு சோலி இருக்குது. இதுல ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது. என்னன்னு பாரு."

"எதும்மா?"

"நம்ம சித்திகா டாக்டரம்மா அனுப்புனது."

டாக்டர் சித்திகா அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க் கோட்டைமேட்டுக்காரர். இப்போது இங்கிலாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தார். அம்மா அவருக்கு எழுதியிருக்கிறாள்: கண் மஞ்சள், வலி இல்லை, மலம் சுண்ணாம்பு நிறம், ஸ்கேன் எடுக்கிறவர் பக்கத்தில் இருந்த உதவிப் பையனிடம் பாங்கிரியாஸ், அதாவது கணையம், என்றார். அவர் பதில் எழுதியிருக்கிறார்: அறிக்கையைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லக் கூடாது சிஸ்டர். எங்கள் மருத்துவமனைத் தளத்தில் நோயாளிகளுக்காக ஒரு பக்கம் இருக்கிறது, படத்தோடு நிலை நிலையாக எழுதியிருக்கிறது. அதைப் படியுங்கள், அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கீழே தளத்தின் முகவரி.

"வேற எடத்துலயும் இதெல்லாம் இருக்குமேம்மா" என்றேன்.

"தேடிப் பாத்தேன். ஆயிரம் வருது. பாதி மருந்து விக்கறவன், மீதி ஜெபம் பண்ணறவன். அந்த டாக்டர் புள்ள பொய் சொல்லாது. எனக்கு அது சொன்னதுதான் வேணும்." சீப்பால் முழங்கையைத் தேய்த்தாள். "திங்கக்கெழமை என்னைய மேசை மேல போட்டு அறுக்கப் போறாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சுதான் படுப்பேன். தெரிஞ்சு, வேண்டாம்னா வேண்டாம்னுவேன். அதுக்குள்ள அதைத் தொறந்து குடு."

கேட்டது அவ்வளவுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மோடம் கத்தி ஓய்ந்து இணைப்பு வந்தது. செய்தித்தாள் ஒன்றைத் திறந்தேன், வந்தது. மின்னஞ்சல் வந்தது. டாக்டரம்மா கொடுத்த முகவரியை அடித்தேன். பக்கத்தைக் காட்ட முடியவில்லை.

"அந்த ஊர்ல மெஷின் கெட்டிருக்கும்மா. நாளைக்கு வரும்."

"நேத்து மறுபடியும் எழுதிக் கேட்டேன். அங்க வருதாமா. இந்த வாரம் பூரா வந்துட்டுத்தான் இருக்குதாமா."

"நீ எழுத்து மாத்தி அடிச்சிருப்பே."

"இப்ப அடிச்சது நீ."

ஆமாம். சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக, சேமித்து வைத்த பழைய பக்கங்களை அழித்தேன். வேறொரு உலாவியில் திறந்தேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டேன். அதே பதில்.

"பெங்களூர்ல இதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்றாள் அம்மா. "இந்நேரத்துக்கு நான் ஒரு புள்ளைய வெளிய எடுத்துக் குளிப்பாட்டியும் போட்டிருப்பேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். மஞ்சள் கண்ணோடு சிரித்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். மற்றத் தளங்களைக் கேட்டால் மோடத்தின் விளக்கு மினுக்கும், தாமதமாகும், பிறகு வரும். தொலைவில் இருக்கும் எந்திரம் உண்மையிலேயே கெட்டிருந்தாலும் விளக்கு மினுக்கும், நெடுநேரம் காத்திருந்துதான் இல்லையென்று சொல்லும். இந்தத் தளத்துக்கு மட்டும் விசையை அழுத்தியதும் பதில் வந்தது. விளக்கு அசையவே இல்லை. கேட்ட கேள்வி வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

என் கை நின்றது. ஒரு நிமிஷத்துக்குள் முழுவதும் புரிந்துவிட்டது. வீட்டுக்கே ஒரே மின்னஞ்சல் கணக்கு, ஒரே கடவுச்சொல். டாக்டரம்மாவின் பதிலை அன்புவும் பார்த்திருக்கிறான்; பார்த்து வழியை அடைத்திருக்கிறான்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா. லைன் சரியில்ல போல இருக்குது. சாயங்காலம் பாக்கலாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை சொந்தக்காரர்களின் முகத்தைப் படித்தவள்.

"இனியா. நீ என்னமோ கண்டுபுடிச்சுட்டே."

"இல்லம்மா."

"வராந்தாவுல நின்னு பேசிட்டு உள்ள வர்றவங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும். படுத்திருக்கறவங்க கண்ணு வாசப்படியிலதான் இருக்கும், தெரியுமா? அவங்களுக்கு எல்லாந் தெரியும். நமக்குத்தான் அவங்களுக்குத் தெரியும்னு தெரியாத மாதிரி ஒரு நெனப்பு." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற பிடி. "நீ சொல்ல வேண்டாம். அதைக் காட்டு. போதும்."

ஓர் எந்திரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து அதை அடித்தேன். இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய பதில் கண்ணிமைக்கும் முன் வந்தது. பதில் சொன்ன எண் நூற்று இருபத்தேழில் ஆரம்பித்தது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள வைத்திருக்கிற எண் அது.

விண்டோஸ் அடைவுக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டர் வெளியே விசாரிக்கும் முன் அதைத்தான் பார்க்கும். திறந்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. இந்த எண், அதற்கு எதிரே டாக்டரம்மாவின் மருத்துவமனைத் தளத்தின் பெயர். யாராவது அந்தத் தளத்தைக் கேட்டால், அது நீதான், வெளியே போகாதே என்று இந்தப் பெட்டிக்குச் சொல்லி வைத்த வரி. சுத்தமான வேலை. நான்தான் ஒரு தீபாவளி லீவில் அன்புவுக்கு இதைக் கற்றுக் கொடுத்திருந்தேன்.

அம்மா திரையில் இருந்த மருத்துவமனைப் பெயரைப் படித்தாள்.

"ஆரு எழுதுனது?"

"அன்பு."

"அவனா எழுதுனானா, உங்கப்பா சொல்லி எழுதுனானா?"

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"செரி. கோவிச்சுக்காதே அவன்கிட்ட." சீப்பை மடியில் வைத்தாள். "சின்னப்பவே அப்படித்தான். எலி செத்துக் கெடந்தா நான் பாத்துப் பயந்துக்குவேன்னு துணியப் போட்டு மூடி வெப்பான். எனக்கா எலிக்குப் பயம்." பிறகு, "அழிச்சுப்போடு" என்றாள்.

அழித்தேன். சேமித்தேன். முகவரியை மறுபடி அடித்தேன். மோடத்தின் விளக்கு மினுக்கியது.

பக்கம் மெதுவாக வந்தது. முதலில் தலைப்பு. பிறகு படம், மேலிருந்து கீழாக, ஒரு விரல் அகலம் விரல் அகலமாக: ஈரல், இரைப்பை, அதற்குப் பின்னால் கணையம். அம்மா முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, திரைக் கண்ணாடியில் விரல் வைத்துப் படித்தாள். மருத்துவச் சொற்கள் அவளுக்குத் தெரியும். சாதாரண ஆங்கிலச் சொற்களில்தான் தடுக்கினாள். ஓர் இடத்தில் நின்று, "பாலியேட்டிவ்னா, சொகப்படுத்தாம சமாளிக்கறதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கீழே நான்கு நிலைகளும் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. முதல் கட்டத்தில் அறுவை, அதன் பிறகு பிழைத்திருப்போரின் கணக்கு வருஷத்தில். கடைசிக் கட்டத்தில் மாதங்கள்தான் இருந்தன. வருஷம் என்ற சொல் இல்லை. ஈரலுக்குப் பரவியிருந்தால் கட்டியை அறுத்து எடுப்பதால் பயன் இல்லை என்றிருந்தது.

நாலையும் படித்து முடித்தாள்.

"இதுல நான் எது?"

பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் அதுவே பதில். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற நினைப்பும் இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் வாக்கு.

"நீ வாயத் தொறக்க வேண்டாம் கண்ணு. அந்த அம்பு இருக்குதல்ல. அதை வெய்யி."

மவுஸைப் பிடித்தேன். அம்பை நகர்த்தினேன். கடைசிக் கட்டத்தில் ஈரல் என்றிருந்த வரியில் கொண்டுபோய் நிறுத்திக் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா அம்பு நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீப்பு மடியில் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"அன்புக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா."

"அவருக்கு?"

"கட்டி மட்டும் தெரியும்."

"அதுதான் துள்ளிட்டுத் திரியறாரு." எழுந்து சன்னல் பக்கம் போனாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவரும் அதில் கரியால் எழுதிய ஒரு பால்கணக்கும்தான். திரும்பி நின்று, நர்ஸ் குரலில் பேசினாள். "செரி. திங்கக்கெழமை நான் போகமாட்டேன். எனக்குப் பயம்னு சொல்லிக்கறேன். கத்தின்னா பயம். அவ்வளவுதான். நீ ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லிப்போடாதே."

"ஏம்மா? அப்பாகிட்டச் சொல்லிட்டா அவரே வேண்டாம்னுட்டுப் போறாரு."

"சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரியும். பொறகு என் மூஞ்சியப் பாத்து அவரால ஒரு வா சோறு ஊட்ட முடியாது. எனக்குத் தெரியாதுங்கற தெம்புலதான் அந்த மனுசன் நடமாடிட்டு இருக்கறாரு. எனக்குத் தெரியலைன்னே இருக்கட்டும். என்னையப் பயந்தாங்கொள்ளின்னு திட்டிட்டுப் போகட்டும். அழுகறதுக்கு அது தேவலை."

"உன்னை அப்படி நெனைச்சுக்கிட்டே இருப்பாரேம்மா."

"இருந்துட்டுப் போறாரு. நான் கேக்கவா போறேன்?" திரையைக் காட்டினாள். "அதை மறுபடியும் முன்ன இருந்த மாதிரியே எழுதி வெச்சுரு. அன்பு பாத்தான்னா சந்தேகப்படுவான்."

எழுதினேன். அதே எண், ஓர் இடைவெளி, அதே பெயர். சேமித்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "இப்ப ஒருதடவ போட்டுப் பாரு" என்றாள். போட்டேன். விளக்கு மினுக்கவில்லை. வரவில்லை.

"செரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். மாரப்பன் உட்பட ஆலைக்காரர்கள் சிலர் ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க. எனக்கு ஆபரேசன் வேண்டாமுங்க. பயமா இருக்குது."

அப்பா முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். "ஏ புள்ள, நீ நர்சு."

"நர்சுன்னா? எனக்கும் வயிறுதான் இருக்குது. கிழிச்சா வலிக்காதா?"

கெஞ்சினார். மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் செய்வார்கள் என்று, எத்தனையோ பேரைத் தூங்க வைக்கும்போது பக்கத்தில் நின்றவளுக்கு விளக்கினார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே பேச்சு. மத்தியானம் அன்புவுக்குப் பொறுமை போய்விட்டது.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கு ஊர் ஊராப் போயிப் பொம்பளைங்களை ஜீப்புல ஏத்திட்டுப் போனியே. பயமா இருக்குதுங்கம்மான்னு எத்தனை பேர் உன்னைக் கட்டிட்டு அழுதிருப்பாங்க? அவங்ககிட்ட என்ன சொன்னே? ஒண்ணும் ஆகாதுன்னுதானே? அப்ப உனக்குப் பயம் வரலியா?"

"அது மத்தவங்க வயிறு" என்றாள் அம்மா.

அன்பு அவளையே பார்த்தான். "சீ" என்றான். அதைத் தவிர அவன் அம்மாவைப் பார்த்து மரியாதையில்லாமல் ஒரு சொல் சொன்னதில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போனது. யாரும் எங்கும் போகவில்லை.

நான் லீவை நீட்டினேன், பிறகு வேலையை விட்டேன். அம்மா தன் மாத்திரைகளைத் தானே கேட்டு வாங்கினாள். என்ன மாத்திரை என்று தெரியாதவள் போலக் கேட்டாள். அப்பா தினமும் கஞ்சி ஊட்டினார். ஊட்டும்போதே திட்டினார். "ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் எந்திரிச்சு நடந்திருப்பே. பிடிவாதக்காரி. கோழி அறுக்கறதப் பாத்தாக்கூடப் பயப்படுவே போல." அவள், "ஆமாங்க, பயந்தவதானுங்க நானு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொள்வாள். புரட்டாசியில் முதுகு வலி வந்தது. உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் அடங்கும். அப்படியே அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்குவாள். தூக்கத்திலும் அவள் எதையும் உளறவில்லை. வலி அதிகமான நாட்களில் நான் அவளிடம், இப்போதாவது சொல்லிவிடலாமே என்று கேட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லையென்று விரலை ஆட்டுவாள்.

ஐப்பசியில் போய்விட்டாள். அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அன்பு முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் மாரப்பனோடு பேசிக்கொண்டிருந்தார். அன்பு தன் வேலையை அழித்துவிடலாம் என்றுதான் அந்தக் கோப்பைத் தேடியிருக்கிறான். விசைப்பலகையின் சத்தம் நின்றது.

"அக்கா. இங்க வா."

போனேன். கோப்பின் தேதியைக் காட்டினான். எந்தக் கோப்பையும் மாற்றிச் சேமித்தால் அன்றைய தேதி தானாக விழும். வரி அவன் எழுதியபடியே இருந்தது. தேதி அவனுடையதல்ல.

"நான் எழுதுனது ஸ்கேன் எடுத்த வாரம். இதுல சனிக்கிழமை போட்டிருக்குது. நாங்க ரத்தத்துக்கு ஆள் கேக்கப் போன நாளு."

கையிலிருந்த துணியை மறுபடி மடித்தேன்.

"நீ தொட்டியா?"

"தொட்டேன்."

"எடுத்துட்டுத் திரும்ப எழுதுனியா?"

"அம்மா எழுதச் சொன்னாங்க."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படிச்சாங்களா?"

"ம்."

"ஈரல்?"

"அதும் தெரியும். நான்தான் காட்டுனேன்."

அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சொன்னது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் முதுகில் கை வைத்தேன். தள்ளிவிட்டான்.

வாசலில் மாரப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்கெல்லாம் ரத்தம் குடுக்கத் தயாரா இருந்தமுங்க. எங்க ஊட்டுல கூடச் சந்தோசத்துல அழுதாங்க, நர்சம்மாவுக்கு எங்க ரத்தம் ஒதவப் போகுதுன்னு."

"எல்லாம் இருந்துது மாரப்பா" என்றார் அப்பா. "டாக்டர் இருந்தாரு, ரத்தம் இருந்துது, பெட்டு போட்டு வெச்சிருந்தாங்க. இவ பயந்துட்டா. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவ."

அன்பு எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "வேண்டாம். அம்மா கேட்டுக்கிட்டாங்க."

"எப்படிக்கா விட்டுட்டு இருக்கறது? அவங்களப் போயி இப்படி..."

"சொன்னா அவருக்கு என்ன மிஞ்சும்? அம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன்னு ஒண்ணுதான் வெச்சிருக்கறாரு."

சட்டையை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் பின்னால் ஓடினேன். அவனைத் தடுக்க வேண்டும் என்றா, அவன் சொல்லிவிட்டால் நல்லது என்றா, எனக்குத் தெரியவில்லை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகத்தைத் தூக்கி மகனைப் பார்த்தார்.

"ஏண்டா, நீதானே டாக்டர்கிட்டப் பேசுனே. நீயே சொல்லு இவருக்கு. அவ ஒத்துக்கிட்டிருந்தா பொழைச்சிருப்பாதானே?"

அன்பு படியில் நின்றான். மாரப்பன் அவனைப் பார்த்தார். அப்பா அவனைப் பார்த்தார்.

"பொழைச்சிருப்பாங்கப்பா" என்றான்.